‘ஸ்டெடியாதான் இருக்கேன் மச்சி’: குடித்துவிட்டு வண்டி எடுப்பவர்களின் கணக்கு எங்கே தப்புகிறது?

சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அண்ணா சாலையிலோ ஈ.சி.ஆரிலோ தடுப்பு வைத்து ஊதச் சொல்லும்போது வரும் வழக்கமான பதில், “ஒரே ஒரு பீர்தான் சார்”. மிஷினோ 85, 90 என்று காட்டுகிறது. ஊதிய பையனின் முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரியும். பெரும்பாலும் அவன் பொய் சொல்லவில்லை. ஒரு பீரில் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இளைஞர்களிடம் பேசிப் பார்த்தால், குடித்துவிட்டு ஓட்டுவது சரி என்று சொல்பவர் அநேகமாக யாரும் இல்லை. “ஓட்டக்கூடாதுதான், ஆனா நான் குடிச்சதெல்லாம் ஒரு குடியா?” என்பார்கள். விதி தெரிகிறது. அந்த விதி தனக்குப் பொருந்துமா என்று பார்க்கக் கையில் எடுக்கும் அளவுகோல்தான் தப்பு. நடை தள்ளாடுகிறதா, வழியில் செக்கிங் இருக்கிறதா, வீடு பக்கமா என்று மூன்றைப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்பதை இந்த மூன்றும் சொல்லாது.

30 என்பது என்ன எண்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185 சொல்லும் எல்லை, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம். ஓட்டுபவர் ஸ்டெடியாக இருந்தாரா, நேராக ஓட்டினாரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

கையில் பிடித்து ஊதும் கருவி ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றை அளந்து, ரத்தத்துக்கும் மூச்சுக்கும் 2100-க்கு 1 என்ற விகிதத்தை வைத்து ரத்த அளவைக் கணக்கிடுகிறது. உள்ளே பிளாட்டினம் பூசிய ஒரு சின்ன மின்கலம் இருக்கும். ஆல்கஹால் அதில் பட்டதும் வேதிமாற்றம் நடந்து மின்சாரம் பிறக்கும். ஆல்கஹால் கூடக் கூட மின்சாரமும் கூடும். பாக்கு, ஏலக்காய், மிட்டாய் எதுவும் இதை ஏமாற்றாது, அவை வாயின் மணத்தை மட்டும்தான் மாற்றும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் கொப்பளித்துவிட்டு உடனே ஊதினால் எண் கூடத்தான் செய்யும். வாயில் தங்கிய ஆல்கஹால் விலகப் பதினைந்து நிமிடம் போதும். குடிக்கவே இல்லை, ஆனாலும் எண் காட்டுகிறது என்றால், பதினைந்து நிமிடம் கழித்துப் புதுக் குழாய் போட்டு மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

ஒரு பீர், ஒரு கட்டிங், ஒரு குவார்ட்டர்

நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கியின் வீரியம் 42.8 சதவீதம். ஸ்ட்ராங் பீர் சுமார் 8 சதவீதம். ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை 0.79 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இந்தக் கணக்கு இப்படி வரும்:

1. 90 மில்லி கட்டிங்: சுமார் 30 கிராம் ஆல்கஹால். ரத்தத்தில் ஏறத்தாழ 69 மில்லிகிராம்.
2. 650 மில்லி ஸ்ட்ராங் பீர்: சுமார் 41 கிராம். ஏறத்தாழ 93 மில்லிகிராம்.
3. 180 மில்லி குவார்ட்டர்: சுமார் 61 கிராம். ஏறத்தாழ 137 மில்லிகிராம்.

“பீர்தான் அடிச்சேன், ஹாட் இல்ல” என்பது நண்பர்கள் வட்டத்தில் பெரிய சமாதானம். ஆனால் ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் ஒரு கட்டிங்கைவிட அதிகம். இதே 65 கிலோ ஆளை 30-க்குக் கொண்டுபோக 39 மில்லி பிராந்தி போதும், பீர் என்றால் 210 மில்லி, அதாவது ஒரு டம்ளர். சட்ட எல்லைக்குள் நின்றுகொண்டு ‘கொஞ்சமா’ குடிக்க நம் கடை பாட்டில் அளவுகளில் வழியே இல்லை. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு. அதனால் அதே எடை, அதே கட்டிங் என்றாலும் அவர்களுக்கு 85-ஐத் தொடும். ஒல்லியான 50 கிலோ பையனுக்கும் எண் மேலேதான் போகும்.

இவை சராசரிக் கணக்குகள். வயிறு காலியா, சாப்பிட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து முன்பின் மாறும். சைடிஷ் நிறைய சாப்பிட்டால் ஆல்கஹால் மெதுவாக ஏறும், உச்சமும் சற்றுக் குறையும். ஆனால் உள்ளே போனது போனதுதான்.

இறங்கும் வேகத்தை மாற்ற முடியாது. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும், ஆளுக்கு ஆள் 10 முதல் 20 வரை மாறலாம். கட்டன் காப்பி, மோர், எலுமிச்சை, தலையில் தண்ணீர், விரல் விட்டு வாந்தி எல்லாம் தெளிந்த மாதிரி ஒரு நினைப்பைத் தரும். ரத்தத்தில் ஏறிவிட்டதை அவற்றில் எதுவும் இறக்காது. காப்பி குடித்தவன் தூக்கம் கலைந்த குடிகாரன்.

பத்து மணிக் கடையும் கத்திப்பாராவும்

சென்னையில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஆபீஸ் முடிந்து எட்டரைக்கு வந்து உட்காரும் கூட்டம் ஒன்பதே முக்காலுக்கு அவசரப்படும். கடைசிப் பங்கை ஒரே மடக்கில் முடித்துவிட்டு எழுவார்கள்.

குடித்த ஆல்கஹால் ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். அந்தக் கடைசி மடக்கு பத்து மணிக்கு வயிற்றில்தான் கிடக்கிறது. கடை வாசலில் சாவியை முதல் தடவையிலேயே துவாரத்தில் நுழைத்து, ஸ்டாண்டை எடுத்து, “பாரு, ஸ்டெடி” என்று நண்பனிடம் காட்டும்போது அவன் சொல்வது உண்மைதான். சைதாப்பேட்டை தாண்டிக் கத்திப்பாரா மேம்பால வளைவில் ஏறும்போது அவன் வாசலில் நின்ற ஆள் இல்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே அவனுக்குப் போதை ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனையை இன்னும் அரை மணி நேரம் கழித்துச் செய்திருந்தால் தோற்றிருப்பான்.

இன்னொன்றும் உண்டு. ஆல்கஹால் முதலில் கைவைப்பது காலில் இல்லை, தன்னைத் தானே எடைபோடும் திறனில். நடை தள்ளாட நிறைய வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிக்கும் திறன் 20 மில்லிகிராமிலேயே குறையத் தொடங்கிவிடும். 50-ஐ எட்டும்போது அசையும் பொருளைக் கண் பின்தொடர்வது சிரமமாகும். பழகிய குடிகாரர்களுக்கு நடையும் பேச்சும் ஸ்டெடியாகப் பழகியிருக்கும். எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வரும்போது முடிவெடுக்கும் வேகம் அப்படிப் பழகாது.

இரண்டு சக்கரத்தில் என்ன நடக்கிறது

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகிறது. பிரேக்கை எட்டக் கைக்கு அரை நொடி தாமதமானால் 7 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். இரண்டு சிறிய கார்களின் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இது பிரேக் பிடிப்பதற்கு முந்தைய கதை.

பிடிக்கும்போது வேறு பிரச்சினை. பைக்கை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை மெல்லத் தொடங்கி அழுத்தம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குடித்த கை இரண்டு விதமாகத் தப்பும். முன் பிரேக்கை மறந்து பின் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். பயந்துபோய் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அது நேர்கோட்டில் நன்றாக உதவும், வளைவில் சாய்ந்திருக்கும்போது அந்த அளவு காப்பாற்றாது. பல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. சிறிய ஸ்கூட்டர்களில் அதுவும் இல்லை, இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு மட்டும்தான்.

இதோடு சாலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரிலும் ஆற்காடு சாலையிலும் வைத்த தடுப்புகள் போன வாரம் இருந்த இடத்தில் இந்த வாரம் இருப்பதில்லை. எதிரே வரும் காரின் ஹைபீம் கண்ணில் பட்டு, பார்வை திரும்பக் குடித்தவருக்கு நேரம் அதிகமாகும். ஓரப் பார்வையும் சுருங்கியிருக்கும். தடுப்பின் நுனி தெரிவதற்குள் வந்துவிடும்.

‘செக்கிங் இல்லாத ரூட்’ என்ற அளவுகோல் எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கேதான் புரியும். வாட்ஸ்அப்பில் “ஸ்பென்சர் பக்கம் ஊதுறாங்க” என்று வந்ததும் பையன்கள் உள்தெருவுக்குள் நுழைவார்கள். அங்கே விளக்கு குறைவு. பெயிண்ட் போடாத வேகத்தடை, படுத்திருக்கும் நாய், வாசலில் கட்டில் போட்டுத் தூங்கும் பெரியவர் என்று எல்லாம் இருக்கும். போலீஸிடமிருந்து தப்பிக்கப் போய், நல்ல சாலையை விட்டு மோசமான சாலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘வீடு பக்கம்தான்’ என்ற கணக்கும் இதே ரகம். கடைசி ஒரு கிலோமீட்டரில் ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொள்வது அந்த நினைப்பால்தான்.

புள்ளிவிவரம் ஏன் தைரியம் கொடுக்கிறது

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழகத்தில் மட்டும் 17,884. நாடு முழுக்க இறந்தவர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஆனால் அதே அரசு அறிக்கையில் குடி காரணமான சாவுகள் இரண்டரை சதவீதம் அளவுக்குத்தான் காட்டப்படுகின்றன. அதிவேகம் எழுபது சதவீதத்தை ஒட்டி வருகிறது. “பாத்தியா, குடியால ஒண்ணும் பெருசா ஆகல” என்று வாதாட இதைவிட வசதியான எண் கிடைக்காது.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். விபத்துப் பதிவில் ஒரு விபத்து ஒரு காரணத்தின் கீழ்தான் எண்ணப்படும். குடித்துவிட்டு வேகமாக ஓட்டி மோதியவர் ‘அதிவேகம்’ கணக்கில் போய்விடலாம். ஆளே இறந்துவிட்டால் ரத்த ஆல்கஹால் அளக்கப்பட்டு, முடிவு வந்து, அது பதிவேட்டில் ஏறுவது எல்லா வழக்கிலும் நடப்பதில்லை. இரண்டரை சதவீதம் என்பது குடி நிரூபிக்கப்பட்டு, முதன்மைக் காரணமாகவும் எழுதப்பட்ட வழக்குகள் மட்டுமே.

பிடிபட்டால் சட்டம் என்ன செய்யும்

1. முதல் முறை: 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய் வரைதான் இருந்தது.

2. ஹெல்மெட் அபராதம் போல அங்கேயே கட்டிவிட்டுப் போக முடியாது. இடத்திலேயே சமரசமாக முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் பிரிவு 185 இல்லை. நீதிமன்றம்தான் முடிக்க வேண்டும். வண்டி அன்றிரவு போலீஸ் வசம் போய்விடும்.

3. ஊத மறுப்பது புத்திசாலித்தனம் இல்லை. நியாயமான காரணமின்றி மறுத்தால் அதையே வழக்குக்கு வலு சேர்க்கும் சான்றாகப் பயன்படுத்தப் பிரிவு 205 இடம் தருகிறது. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் விடுவிக்க வேண்டும் என்று பிரிவு 202 சொல்கிறது. இது உங்களுக்கான பாதுகாப்பு.

4. லைசென்ஸ்: சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இல் கொடுத்த அறிவுறுத்தலின்படி, குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாத இடைநீக்கம். டெலிவரி வேலை பார்க்கும் பையனுக்கு இது மூன்று மாதச் சம்பளம்.

5. பின்னால் உட்கார்ந்து வருபவர்: 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், கூட வருபவர்மீதும் வழக்கு என்று அறிவித்தபோது பலரும் குழம்பினார்கள். அது புதுச் சட்டம் இல்லை. குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்று பிரிவு 188 பல காலமாகவே சொல்கிறது. ஓட்டுபவர் குடித்தது தெரிந்தே ஏறினாரா என்பதுதான் கேள்வி. நீங்கள் குடித்துவிட்டு, குடிக்காத டிரைவரின் ஆட்டோவில் போவது இதில் வராது.

6. வயது: தமிழ்நாட்டில் மது வாங்க 21 ஆக வேண்டும், லைசென்ஸுக்கு 18 போதும். 18-க்குக் கீழே உள்ள பையன் வண்டியோடு குற்றத்தில் மாட்டினால் பிரிவு 199-ஏ பெற்றோர் பக்கம் திரும்பும். வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

யாராவது இறந்துவிட்டால் கதையே வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் (பிரிவு 106) 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது 2 ஆண்டு. ஓட்டினால் உயிர் போகலாம் என்று தெரிந்தே ஓட்டியதாக நீதிமன்றம் கருதினால், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக (பிரிவு 105) அது மாறும்.

காசு விஷயத்தில் பலர் கோட்டைவிடும் இடம் இன்ஷூரன்ஸ். ‘ஃபுல் கவர் இருக்கு’ என்ற நம்பிக்கை குடித்த இரவில் செல்லாது. சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மையும், உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் கம்பெனி மறுக்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாவிட்டாலும், மற்ற சூழ்நிலைகளிலிருந்து குடித்திருந்தது தெரிந்தால் மறுக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லி, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. பல வீடுகளில் ஆர்.சி. அப்பா பெயரில்தான் இருக்கும்.

விழுந்த பிறகு செய்யும் பெரிய தவறு

தலையில் அடிபட்டவனும் நிறையக் குடித்தவனும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். நாக்குக் குழறும், வாந்தி வரும், தூக்கம் தள்ளும். விழுந்தவனைத் தூக்கி ரூமுக்குக் கொண்டுபோய், “மப்புடா, தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்” என்று படுக்க வைக்கிறார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசியும் காயத்தில், விழுந்தவுடன் ஆள் தெளிவாகப் பேசக்கூட முடியும். சில மணி நேரம் கழித்து மயங்குவான். அப்போது எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அதனால்:

1. குடித்தவர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், ரத்தம் வராவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். குடியா காயமா என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் பிரிக்க முடியும்.
2. 108-ஐ அழையுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள், கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அது இன்னும் கெடும்.
3. ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒரே கோட்டில் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள்.
4. குடித்திருந்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எவ்வளவு, எப்போது என்று சொன்னால்தான் மயக்கத்தின் காரணத்தை அவர் கணிக்க முடியும்.

செலவுக்குப் பயந்து தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது. அரசு ஆஸ்பத்திரி மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளும் இதில் உண்டு.

முடிவு எடுக்கும் நேரம்

குடிக்காமல் இருக்கும்போது “ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம்” என்று சொல்பவர்தான் பத்து மணிக்கு வண்டியை எடுக்கிறார். காரணம் பெரும்பாலும் திமிர் இல்லை, வண்டி வாசலில் நிற்பதுதான். விட்டுவிட்டுப் போனால் திருடு போகுமோ, காலையில் வந்து எடுக்கணுமே, ஆபீஸுக்கு எதில் போவது என்று பத்து மணி மூளை வரிசையாகக் காரணம் கொடுக்கும். வீட்டிலிருந்து சாவியோடு கிளம்பியபோதே அந்த இரவின் முடிவு பாதி எழுதியாகிவிட்டது.

எனவே வேலை ஆறு மணிக்கே ஆரம்பிக்க வேண்டும்:

1. வண்டியை வீட்டிலோ ஆபீஸ் பார்க்கிங்கிலோ விட்டுவிட்டு மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போங்கள். மெட்ரோவின் கடைசி ரயில் பதினொரு மணியை ஒட்டித்தான், கடை மூடும் நேரத்துக்கு அது போதும்.
2. ஒருவன் ஓட்டுவான் என்றால் அவன் அன்று தொடவே கூடாது. ‘ஒரே ஒரு பீர் மட்டும்’ என்று ஒப்புக்கொண்ட டிரைவர் 93 மில்லிகிராம் டிரைவர்.
3. நிறையக் குடித்திருந்தால் பைக் டாக்ஸி வேண்டாம். பின்னால் இருப்பவர் திருப்பத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவர் எவ்வளவு தெளிவாக இருந்தும் வண்டி நிலையாக நிற்காது. ஆட்டோவோ காரோ நல்லது.
4. வண்டியோடு வந்துவிட்டீர்களா? முதல் ரவுண்டுக்கு முன்பே சாவியைக் குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஹேண்டில் பூட்டைப் போட்டு, வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

மறுநாள் காலையில் அந்த வண்டியை எடுக்கப் போகும்போதும் கணக்கு உண்டு. முதல் மடக்குக் குடித்த நேரத்திலிருந்து எண்ணுங்கள், படுத்த நேரத்திலிருந்து அல்ல. ஒரு குவார்ட்டர் மட்டும் என்றால் 65 கிலோ ஆளுக்கு 30-க்குக் கீழே இறங்கச் சுமார் 7 மணி நேரம், முழுக்க வடிய 9 மணி நேரம். குவார்ட்டரோடு ஒரு ஸ்ட்ராங் பீரும் சேர்ந்தால் தொடக்கக் கணக்கே 230. இரவு எட்டரைக்கு ஆரம்பித்தவருக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் 180 கழியும். காலை எட்டரைக்குக் குளித்து, இட்லி சாப்பிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு, ஓ.எம்.ஆர். சிக்னலில் ஆபீஸ் டேக்கோடு நிற்பவரின் ரத்தத்தில் இன்னும் 50 மில்லிகிராம் இருக்கும். பத்து மணி வாக்கில்தான் அவர் 30-க்குக் கீழே வருவார்.